முகத்துவாரத்துக் கைப்பிடி

உத்திராபதிக்குப் பதினாலு வருஷமாக ஒரே குறை. அக்கா புருஷன் குணசேகரன், அரசலாற்று முகத்துவாரத்தைத் தாண்டுகிறவரை எஞ்சின் கைப்பிடியை அவன் கையில் கொடுத்ததே இல்லை. ஆழத்துக்குப் போனபிறகு கொடுப்பார். ஆழத்தில் ஆடு மாடுகூட ஓட்டும் என்பது உத்திராபதியின் கட்சி. நாலு பேர் பார்க்கிற இடம் முகத்துவாரம்தான்.

குணசேகரன் அஞ்சாம் வகுப்போடு நின்றவர். அதிகம் பேசமாட்டார். முகத்துவாரம் தாண்டாமல் உட்காரவும் மாட்டார். கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நின்றபடியே ஓட்டுவார். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூடப் படகை மணலில் ஏற்றியதில்லை. அவர் சொல்லிக்கொண்டதில்லை, ஊர் சொல்லும். நாலு மாசமாக ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி மலர்க்கொடி அக்கா நச்சரித்துக்கொண்டிருந்தது. எதற்கு ஆஸ்பத்திரி என்று உத்திராபதி கேட்டுக்கொள்ளவில்லை.

ஐப்பசி பிறந்தால் கோடியக்கரைக்குப் போய்க் கொட்டகை போட்டு, நாலைந்து மாசம் அங்கேயே தொழில் செய்துவிட்டு வருவது வழக்கம். இந்த வருஷமும் ஃபைபர் படகில் வலை, ஐஸ் பெட்டி, அடுப்பு, அரிசி எல்லாம் ஏற்றியாயிற்று. கூட வந்தவன் செம்பியன், வாய் மூடாதவன். எஞ்சினை மூன்று தரம் சுழற்றியும் பிடிக்கவில்லை. டீசலில் தண்ணீர். குழாயைக் கழற்றி ஊதிச் சரிசெய்வதற்குள் வெயில் எதிரே ஏறிவிட்டது, ஆற்று வாயில் தண்ணீரும் வற்றிவிட்டது.

அங்கே மணல்மேடு நிலையாக இருக்காது. அதனால் மேட்டில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருப்பார்கள். துணியை இடக்கைப் பக்கம் விட்டுப் போகவேண்டும். கிட்டத்தில் போனதும் குணசேகரன் கேட்டார்.

"துணி எந்தப் பக்கம் கெடக்கு மாப்ள?"

உத்திராபதிக்குச் சுருக்கென்றது. முதல் வருஷம் இதே மாதிரிதான் எல்லோர் முன்னாலும் கேட்டார். அவன் தப்பாகச் சொல்லப்போய் படகே சிரித்தது. இத்தனை வருஷம் கழித்தும் பரீட்சையா?

"ஒங்களுக்குத் தெரியாததா மாமா. நீங்கதான ஓட்டுறீங்க."

அவர் மறுபடி கேட்கவில்லை. படகு துணிக்குத் தப்பான பக்கமாகப் போய், மணலில் ஏறி நின்றது.

மூன்று பேரும் இறங்கித் தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை. தண்ணீர் ஏறட்டும் என்று விட்டுவிட்டார்கள். தாண்டிப்போன படகுக்காரர்கள், கோடியக்கரை இவ்வளவு கிட்டத்திலா வந்துவிட்டது என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். கொட்டகையை இங்கேயே போட்டுவிடலாம் என்றான் செம்பியன்.

அக்கா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றையும் வறுத்த கிழங்கான் மீனையும் பிரித்தார்கள். செம்பியன் காலாலேயே மணலைக் கிளறி ஒரு சட்டி மட்டி எடுத்தான். அடுப்பை மூட்டி அவித்துத் தின்றார்கள். கிளம்புகிற நாளில் இப்படிச் சாவகாசமாக உட்கார்ந்து அவர்கள் சாப்பிட்டதே இல்லை. காற்று நன்றாக இருந்தது. உத்திராபதிக்குக் கோபம்கூட மறந்துபோயிற்று.

அப்போதுதான் பார்த்தான். தண்ணீர்ச் சொம்பை எடுக்கப்போன குணசேகரனின் கை, நாலு விரல் தள்ளிப் பலகையைத் தொட்டது. தடவித்தான் சொம்பைப் பிடித்தார்.

காலையில் கேட்டது பரீட்சை இல்லை.

உத்திராபதி சட்டியை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தான்.

தண்ணீர் ஏறிப் படகு ஆட ஆரம்பித்ததும் செம்பியன் முன்னால் போய்த் தள்ளினான். பின்பக்கம் குணசேகரன், முகத்துவாரம் தாண்டாமலே, பலகையில் உட்கார்ந்தார்.

"நீயே புடி மாப்ள."

இந்த நாள் வந்தால் கேட்கவேண்டும் என்று உத்திராபதி நாலு வார்த்தை சேர்த்து வைத்திருந்தான். கேட்கவில்லை. படகைப் பின்னுக்கு எடுத்து, துணியை இடக்கைப் பக்கம் விட்டு, வெளியே கொண்டுபோனான். வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளியது. செம்பியன் வலைமேல் படுத்துத் தூங்கிப்போனான்.

நாகூர் தாண்டியது. குணசேகரன் கிட்டத்தில் நகர்ந்து வந்தார்.

"கோடியக்கரை லைட் ஹவுசு தெரிஞ்சதும் சொல்லு மாப்ள. கரையில நாலு பேரு பாப்பாங்க. கைப்பிடிய ஏங்கையில குடுத்துட்டு, எந்தப் பக்கம் ஒடிக்கணும்னு காதுல மட்டும் சொல்லிக்கிட்டே வா."