பல்பு அணைந்தால் வேலை முடிந்தது

கார் ஆடியோ கடை நடத்தியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்று வருபவர் குறைவு, பாட்டுப் போட்டதால் வேறு ஏதோ கெட்டுப்போயிற்று என்று வருபவரே அதிகம். கல்லூரியில் இயற்பியல் கற்பித்து முடித்து, தொண்ணூறுகளின் இறுதியில் மதுரையில் என் கணவரின் கடையில் வந்து அமர்ந்தபோது, இனி யாருக்கும் பாடம் நடத்த வேண்டாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு வைகாசி மாதம் வரை நீடித்தது.

கண் சிமிட்டிய விளக்கு

வெயில் இறங்காத மாலை நான்கு மணி. டி. கல்லுப்பட்டியிலிருந்து முருகேசன் தன் பழைய வேனுடன் வந்தார். அவருடைய தாய் கறவை மாட்டை விற்று முன்பணம் கட்டிய வேன். அந்த வீட்டின் முதல் வாகனம். மறுநாள் மாலை திருமங்கலத்தில் பெண்ணழைப்பு. அதுதான் முதல் சவாரி. பாட்டோடு வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் டிரம் ஒலிக்கும்போதெல்லாம் முகப்பு விளக்கு மங்கிற்று.

பாட்டரியைச் சோதித்தேன்; குறையில்லை. எர்த் கம்பியை யாரோ பெயின்ட்டின் மேலேயே திருகியிருந்தார்கள். மின்சாரத்தைத் தடுத்த அந்தப் பெயின்ட்டைச் சுரண்டிப் பொருத்தியதும் பாதி சரியாயிற்று. மீதிக்குக் கெபாசிட்டர் போடலாம் என்றேன். ஆம்ப்ளிஃபயர் திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும் கணத்தில், பக்கத்திலிருந்தே கொடுப்பதற்காக அது கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கும் என்று விளக்கினேன். நான் கால் மணி நேரம் சொன்னதை அவர் ஒரே மூச்சில் முடித்தார்: "கொழாயில சொட்டுச் சொட்டா வந்தாலும், அண்டாவுல புடிச்சு வச்சா பந்திக்கு மொண்டு ஊத்திரலாம். இம்புட்டுத்தானே, டீச்சரம்மா?"

"மிகவும் நல்லது"

மறுநாள் காலை பத்தரைக்கு, நல்ல நேரம் பார்த்து வந்தார். தாய் அழகம்மாளும் எலுமிச்சம்பழத்துடன் உடன் வந்திருந்தார்.

வெறுமையான கெபாசிட்டரை நேராக இணைத்தால் தீப்பொறி பறக்கும். ஆகவே பாட்டரியிலிருந்து வரும் கம்பிக்கு நடுவே ஒரு சிறிய கார் பல்பை வைப்போம். முதலில் பளிச்சென்று எரியும். கெபாசிட்டர் நிறைய நிறைய மங்கும். அணைந்தால் வேலை முடிந்தது. அன்றும் அணைந்தது. நான் வழக்கம்போல் உரத்த குரலில், "அணைந்துவிட்டது, மிகவும் நல்லது" என்றேன்.

அழகம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல நேரத்துல வெளக்கு அணையுது. நல்லதுங்குறீக." பிறகு மகனிடம், "கழட்டச் சொல்லு. வண்டி இன்னைக்குப் போகாது" என்றார்.

"ஆத்தா, அவுக காத்திருப்பாக. வேற வண்டிக்குச் சொல்லிட்டாகன்னா அம்புட்டுத்தான்."

"சொல்லட்டும். பொண்ணு ஏறுற வண்டிடா."

நான் மின்னூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். பயனில்லை. முருகேசனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கெபாசிட்டரை வேனிலிருந்து கழற்றி மேசை மேல் வைத்து, பல்பின் இரு கம்பிகளையும் அதன் முனைகளில் தொட்டேன். பல்பு எரிந்தது. அழகம்மாள் குனிந்து, மேசைக்கு அடியில் வேறு கம்பி வருகிறதா என்று தேடினார். நிமிர்ந்து, "அணையலடா. உள்ள போயி உக்காந்திருக்கு" என்றார்.

நெடுநேரம் எரியாது என்பது எனக்குத் தெரியும். மங்குவதற்குள் கம்பியை எடுத்துவிட்டேன். ஒரு சோதனையை நான் பாதியில் நிறுத்தியது வாழ்நாளில் அதுவே முதல் முறை. வேனில் பொருத்தி மீண்டும் நிறைத்தபோது பல்பு சிறிது எரிந்து மங்கத் தொடங்கியது. அழகம்மாள் கைகூப்பி, மெல்லச் சொன்னார்: "உள்ள போ, தாயி."

கண்ணால் பார்த்தால்தான்

அன்று மாலை மணப்பெண் அந்த வேனில்தான் போனாள், விளக்கும் மங்கவில்லை. ஆனாலும் என் கணவர், இனிக் கெபாசிட்டரை யார் கண்ணிலும் படாமல் கடையின் பின்னறையிலேயே நிறைத்துத் தயாராக வைத்துவிடுவது என்று முடிவு செய்தார். நானும் ஒப்புக்கொண்டேன். ஆனி மாதத்தில் முருகேசனின் நண்பர் ஒருவர் தம் வேனுக்குக் கேட்டு வந்தார். நிறைத்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தோம். அவர் அதைக் கையால் தொடவில்லை. அவர் என் கணவரிடம் சொன்னார்: "அண்ணே, முருகேசன் வண்டிக்கு மட்டும் கண்ணு முன்னால உள்ள போச்சாம். எனக்கும் போறதக் காட்டுங்க, அப்பறம் மாட்டுங்க." வகுப்பில் எந்த மாணவியும் இவ்வளவு அக்கறையாகச் செய்முறை கேட்டதில்லை.

முருகேசன் கெபாசிட்டரின் விலையில் பாதியைப் பொருத்திய அன்றே கொடுத்தார், மீதியை ஆனி முடிவதற்குள் கொடுத்துவிட்டார். பாதியில் நிறுத்திய அந்தச் சோதனையின் மீதியைத்தான் நான் அழகம்மாளுக்கு இன்றுவரை காட்டவில்லை.