நான் நீக்கிய பூஜ்யங்கள்

காலை ஆறு மணி பத்து நிமிடம். உதியன்குளங்கரையில் அக்காள் வீட்டு முற்றத்திலிருந்து நான் முதலில் பார்த்தது, எதிரே பொற்றைக் குன்றின் உச்சியில் நிற்கும் காற்றளவைக் கம்பத்தை. காற்றில் சுழல வேண்டிய அதன் மூன்று கிண்ணங்களும் அசையவில்லை. டென்மார்க்கில் பத்து வருடமாக வாழ்கிறவனுக்கு இது விசித்திரமான காட்சி. அங்கே கிண்ணம் நின்றால் பனி உறைந்திருக்கிறது என்று பொருள். அந்த மணிநேரங்களை நீக்கிவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குவோம்.

இந்தக் கம்பத்தின் ஒரு வருடப் பதிவு சென்ற ஆண்டு, நான் வேலை செய்யும் காற்றாலை நிறுவனத்தில், என் மேசைக்குத்தான் வந்தது. காலைதோறும் வரிசையாகப் பூஜ்யங்கள். உடன் வேலை செய்யும் லேனா, அங்கே உண்மையிலேயே காற்று நின்றுவிடுமா என்று கேட்டாள். எங்கள் ஊரில் காற்று நிற்காது, கருவிதான் பழுது என்றேன். எனக்கு நினைவிருந்தது ஆடிக் காற்றும், அதில் ஓடு பறந்த பள்ளிக்கூடமும்தான். நீ அந்த ஊர்க்காரன், உனக்குத் தெரியும் என்று அவள் விட்டுவிட்டாள். பூஜ்யங்களை எடுத்ததும் வெய்புல் வளைவு, அதாவது எந்த வேகத்தில் எவ்வளவு நேரம் காற்று வீசும் என்று காட்டும் கோடு, வலப்பக்கம் நகர்ந்தது. சராசரி உயர்ந்தது. காற்றாலை வைக்கலாம் என்று அறிக்கை போயிற்று. அதை நம்பி, நிலத்தைக் காற்றாலைக்குக் குத்தகைக்கு விட, அக்காள் பொற்றைச் சரிவில் நின்ற தன் ரப்பர் மரம் முழுவதையும் வெட்டி முறித்தாள். அவளுக்கு வேறு வருமானம் இல்லை.

விடுப்பில் வந்த மூன்று நாளும் கிண்ணங்கள் காலையில் நின்றன. பத்தரைக்கு மேல் தாமாகவே சுற்றின. கருவியில் பழுதில்லை. நேற்று பூஜ்யங்களைத் திரும்பச் சேர்த்துக் கணக்கிட்டேன். அந்தச் சராசரிக்கு யாரும் இங்கே காற்றாலை வைக்கமாட்டார்கள். இன்று, கட்டன் சாயாவோடு முற்றத்துக்கு வந்த அக்காளிடம் சொன்னேன்.

"காலத்த பத்து மணி வரைக்கும் இங்க ஒரு இல அனங்காது மக்கா. கயித்துல ரப்பர் ஷீட்டு காயப் போட்ட எனக்கு அது தெரியாதா? ஒரு போன் விளிச்சுக் கேட்டிருக்கப்பிடாதா?"

"கேக்கல்லக்கா."

"நீ படிச்ச ஆளாக்கும். உனக்குத் தெரியும்னுதானே நான் மரத்த முறிச்சேன்."

லேனாவும் அக்காளும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. இருவரும் சொன்னது ஒன்றுதான்.

புதிதாக நட்டால் ரப்பர் பால் வெட்டுக்கு வர ஏழு வருடமாகும். அக்காளுக்கு அறுபத்தொரு வயது. திருத்திய அறிக்கையை லேனாவுக்கு அனுப்பக் கைப்பேசியைத் திறந்தேன். அது முதலில் காட்டுவது இப்போதும் டென்மார்க் ஊரின் வானிலையைத்தான். அங்கே பலத்த காற்று என்றிருந்தது.

பத்து நாற்பதுக்கு இங்கும் காற்று வந்தது. ஷீட் உலர்த்தும் கயிறு காலியாக இருந்தது.