ஷாஃப்டில் ஏறும் சூடு

ஏ.சி. இல்லாமல் வீட்டைக் குளிர வைப்பது எப்படி என்று யாராவது கேட்டால், தலைப்பு, உட்தலைப்பு, இணைப்புகளோடு பதில் சொல்வேன். அரசுக் கட்டடங்களின் பராமரிப்புக் கோப்புகளைப் பார்த்தே தலை நரைத்தவன் நான். வெயில் ஏறுமுன் ஜன்னல்களைச் சாத்தித் திரை இழுக்க வேண்டும். வெளிக்காற்று தணிந்தபின் திறக்க வேண்டும். மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். தண்ணீர் ஊற்றும் கூலருக்குப் புது வெட்டிவேர்த் தட்டி போட வேண்டும். முக்கியமாக, கூலர் ஊதும் காற்று வெளியேற எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அறை குளிராது, புழுங்கும்.

எல்லாவற்றையும் செய்தேன்.

ஓய்வு பெற்று, தலைநகரில் ஆர்.கே.புரம் அரசு குவார்ட்டர்ஸைக் காலி செய்தபின் பக்கத்திலேயே ஒரு மேல்மாடி ஃபிளாட்டை வாங்கியிருந்தோம். போன கோடையில் என் மனைவி அதன் சமையலறையில் மயங்கி விழுந்தாள். இதய மருத்துவர், இன்னொரு முறை இப்படி ஆகக் கூடாது என்றார். குர்கானில் இருக்கும் மகன், கோடை முழுக்க அம்மா தன்னோடு இருக்கட்டும் என்றான்.

"அங்க பேச்சுத் துணைக்கு லிஃப்ட்டுதான் இருக்கு," என்றாள் அவள். "என்னை இங்கயே வச்சிக்கிடுங்க."

ஏ.சி. போட்டால் கரண்ட் பில் அவளுடைய மாத்திரைகளோடு போட்டிக்கு வரும். ஆகவே கூலர்.

எங்கள் ஃபிளாட்டில் கூலருக்கு எதிர்ப்பக்கம் இருப்பது சமையலறை ஜன்னல் ஒன்றுதான். அது கட்டடத்தின் நடுவே குழாய்கள் இறங்கும் ஷாஃப்டைப் பார்த்தது. கீழ்வீட்டார் ஒவ்வொருவராக ஏ.சி. வாங்கி, அதன் வெளிப்பெட்டியை அந்த ஷாஃப்டில் மாட்டியிருந்தார்கள். தங்கள் அறையிலிருந்து பிடுங்கிய சூட்டை எல்லோரும் அதற்குள் ஊதினார்கள். சூடு மேலே ஏறும், மேலே நாங்கள். ஜன்னலைத் திறந்தால் அனல் வந்தது. சாத்தினால் அறை இட்லிக் கொப்பரை ஆனது.

நேர் கீழ்வீட்டுக் கோயம்புத்தூர் இளைஞரிடம் போனேன். ஐ.டி. வேலை, கைக்குழந்தைக்காரர். கதவைத் திறந்ததும் குளிர்ந்த காற்று என் காலைத் தொட்டது. ஷாஃப்ட் பொது இடம், அதில் எதையும் மாட்ட விதியில் இடமில்லை என்று எடுத்துச் சொன்னேன்.

"கரெக்ட்தானுங்க அங்கிள். பால்கனில மாட்டுனா பக்கத்து ஆன்ட்டி சண்டைக்கு வர்றாங்க. பாப்பாவுக்கு மேலெல்லாம் வேர்க்குரு, தூங்கவே மாட்டேங்குது. நீங்களும் ஒண்ணு போட்ருங்க. ஷாஃப்ட்ல இன்னும் எடம் இருக்குதுங்க."

"பொது இடம்னு இப்பதானே சொன்னேன்?"

"பொதுன்னா அதுல உங்களுக்கும் பங்கு உண்டுங்களே!"

இதைவிடக் கச்சிதமான குறிப்பை எந்தக் கோப்பிலும் நான் படித்ததில்லை. குடியிருப்போர் சங்கத் தலைவரிடம் போனேன். "அச்சா ஜி, தேக்கேங்கே," என்றார், அதாவது பார்க்கலாம். ஷாஃப்டில் இருப்பதிலேயே பெரிய பெட்டி அவருடையது.

ஜூன் கடைசியில் கிழக்குக் காற்று ஈரத்தோடு திரும்பியது. ஈரக் காற்றில் கூலர் பிசுபிசுப்பைத் தவிர வேறெதுவும் தராது. ஒரு மதியம் அவள் குளியலறைத் தரையில் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, தலை கிறங்குது."

ஏ.சி. கடைக்கு ஃபோன் செய்தேன். மறுநாள் வந்த மெக்கானிக், வெளிப்பெட்டி எங்கே என்று இந்தியில் கேட்டார். ஷாஃப்டைக் காட்டினேன். அவருக்கு அதில் எந்த ஆச்சரியமும் இல்லை.

அவள் மயங்கி விழவில்லை. ஏ.சி. போட்ட அந்த ஓர் அறையில் உயிரோடு இருக்கிறாள். கதவு சாத்தி, ஜன்னல் சாத்தி, திரையும் இழுத்திருக்கிறது. சமையலறைப் பக்கம் நான் அவளை விடுவதில்லை. இப்போது எங்கள் பெட்டியும் அங்கேதான் ஊதுகிறது. மாலையில் மலை மந்திர் கோயிலுக்குப் போவதும் நின்றுவிட்டது. இந்தக் குளிரிலிருந்து எழுந்து வெளியே போனால் வாசலிலேயே தடுமாறுகிறாள். பில் வந்தது. பழப் பையின் கனத்தைக் குறைத்துக்கொண்டேன்.

"வெளிய வெயில் தாந்துட்டா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல."

"இதுக்கு மவன் வீட்டுக்கே போயிருக்கலாம்லா. அங்க ஜன்னல்ல வானமாவது தெரியும்."

"மழை நல்லா புடிச்சிட்டா சரியாயிரும்."

"அடுத்த வருசம்?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.