ஆள் ஏறினால் மட்டம்

பழைய கார்களின் உயரத்தைச் சரிசெய்வது என் தொழில். அந்த உயரத்தைப் பற்றித் தெருவில் போகிற எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. மற்றவர்களின் சாமானில் கை வைத்துப் பிழைக்கிறவர்களே, இந்தத் தலையிடி உங்களுக்கும் புதிதாக இராது.

வெறும் கார்

வெள்ளவத்தை ஜெயம் ஐயா ஓய்வுபெற்ற கணக்காளர், நல்ல பாரமான ஆள். தன் மொறிஸ் மைனர் வலப்பக்கம் சரிகிறது என்று கொட்டாஞ்சேனையில் என் கராஜுக்குக் கொண்டுவந்தார். அந்தக் காரின் முன்பக்கத்தைத் தாங்குவது முறுக்கி வைத்த நீளக் கம்பிகள். முறுக்கைக் கூட்டினால் அந்தப் பக்கம் உயரும். கூட்டினேன், ஒரு சுற்று ஓட்டி அமரவிட்டு மறுபடி அளந்தேன். நல்ல மட்டம்.

அடுத்த கிழமை இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி நெடுகச் சரிந்தபடியே ஓட்டி வந்திருக்கிறார். கார் மட்டமாகத்தான் நின்றது. அவர் ஏறி உட்கார்ந்ததும் வலப்பக்கம் இறங்கியது.

"தம்பி, நீர் மட்டமாக்கினது என்ர காரையோ, ஆளில்லாத காரையோ?"

ஐயாவோடு அளந்தது

எல்லோரும் வெறும் காரைத்தான் அளப்பார்கள். நானும் அப்படித்தான் பழகியிருந்தேன். இந்த முறை ஐயாவை உள்ளே இருத்தி அளந்தேன். ஜக் அடித்துக் காரைத் தூக்கும்போது இறங்குவார், அளக்கும்போது ஏறுவார். ஏறியிருக்கிற நேரமெல்லாம் பேப்பரில் மரண அறிவித்தல்களைச் சத்தமாக வாசித்தார். முடிவில் அவர் இருந்தால் கார் மட்டம். இறங்கினால் வலப்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

பக்கத்தில் டிங்கரிங் வேலை செய்யும் நௌஷாட் குனிந்து பார்த்தார்.

"மச்சான், காரைத் திருத்தச் சொன்னா நீ மனுசனுக்குச் சட்டை தெச்சீக்கிறாய்!"

தெருவின் தீர்ப்பு

மூலையில் நிற்கும் த்ரீவீல்காரர் ஒருவர், "அய்யே, கார் எக எதய் நே!" என்று சிங்களத்தில் கத்தினார். கார் கோணலாம். அவருக்குக் கையைக் காட்டிவிட்டேன். பழைய கார்ச் சங்கத்தின் செயலாளருக்கு அப்படிக் காட்ட முடியாது. அடுத்த ஞாயிறு சங்கத்தின் கண்காட்சி, ஐயாவின் காரும் அதில் நிற்கும். அதற்குமுன் ஐயாவின் காரை நிமிர்த்தாவிட்டால் சங்கத்து வண்டி ஒன்றும் என்னிடம் வராது என்று போனில் சொன்னார். என் வேலையில் பாதி அவர்களுடையது.

இது தொழிலா, வெறும் பிடிவாதமா? விஷயத்தை ஐயாவிடம் சொன்னேன். அவர் கோபித்திருந்தால் ஒருவேளை மாற்றியிருப்பேன்.

"உமக்குக் கரைச்சல் எண்டால் மாத்தும் தம்பி. என்ர இடுப்பு பழகிப்போகும்."

அதற்குப் பிறகு நான் ஸ்பானரைத் தொடவில்லை.

வரிசையில்

ஞாயிற்றுக்கிழமை கார்கள் வரிசையாக நின்றன. சொந்தக்காரர்கள் இறங்கித் தங்கள் கார் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். எல்லோரும் இறங்கினார்கள். ஜெயம் ஐயா மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். கார் தண்ணீர் போல மட்டமாக நின்றது.

"அங்கிள், இறங்குங்கோ. காரை எல்லே பாக்க வேணும்?" என்றார் செயலாளர், என்னை முறைத்தபடி. வெயில் ஏறியது. ஐயா கைலேஞ்சியால் நெற்றியைத் துடைத்தார். நான் போய் அவருடைய கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். சங்கத்து வேலை போனால் போகட்டும்.

"நான் இல்லாமல் இந்தக் கார் ஒரு இடமும் போறேல்லை," என்றார் ஐயா. "பிறகேன் ராசா நான் இல்லாமல் பாக்கிறியள்?"

பரிசு வேறு யாருக்கோ போனது, சங்கத்து வண்டிகளும் வேறு கராஜுக்குப் போயின. நான் இப்போது யார் வந்தாலும் முதலில் ஏறி உட்காரச் சொல்லுகிறேன், எடையை மட்டும் கேட்பதில்லை.