ஒரு டாலர் குறைத்த கத்தரிக்காய்

நைரோபியில் இருந்த நான்கு வருடத்தில், சொன்ன விலைக்கு ஒரு தக்காளிகூட வாங்கியவளில்லை நான். ஊர் என்னவோ மாதத்துக்கு ஒரு மாடி உயர்ந்துகொண்டே போனது. எங்கள் தெருமுனைச் சந்தையில் காய்க்காரம்மா மட்டும் அதே பலகையில் உட்கார்ந்து என்னோடு மல்லுக்கு நிற்பாள். அவள் தலையில் அடித்துக்கொள்வாள், நான் போவதுபோல் நடப்பேன், அவள் கூப்பிடுவாள். கடைசியில் ஒரு பிடி கீரையைக் கொசுறாகப் போடுவாள், இருவரும் சிரிப்போம்.

நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்ததும் அந்த வித்தைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. சூப்பர் மார்க்கெட் மெஷினோடு யார் வாயாடுவது? "உன் பருப்பெல்லாம் இங்க வேகாதும்மா" என்று கணவர் கேலி செய்தார். எனக்குச் சுருக்கென்றது. செய்து காட்டுகிறேன் பாருங்கள் என்று சவால் விட்டேன்.

சனிக்கிழமை, நியூ லின் பக்கம் ஒரு கார் பார்க்கிங்கில் கூடும் சந்தைக்குப் போனேன். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் கத்தரிக்காய் விற்றுக்கொண்டிருந்தார். கிலோ ஆறு டாலர்.

"அஞ்சுக்குக் குடுங்கம்மா, கட்டுப்படியாகல" என்றேன், நைரோபியில் பழகிய சோக முகத்தோடு.

அவர் என்னைப் பார்த்தார், என் பழைய துணிப்பையைப் பார்த்தார். "ஓம் பிள்ளை, கொண்டு போங்கோ" என்று உடனே நிறுத்துக் கொடுத்துவிட்டார். சண்டையே இல்லை! சப்பென்று இருந்தாலும் வெற்றி வெற்றிதானே. அன்று வீட்டில் குழம்பைவிட என் பெருமைதான் அதிகம் கொதித்தது.

அடுத்த சனிக்கிழமை என்னைக் கண்டதும் அவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பையை எடுத்தார். அரிசி, பருப்பு, முருங்கைக்காய், பிள்ளைகளுக்கென்று பிஸ்கட்கூட.

"காசு வேண்டாம் பிள்ளை" என்று குரலைத் தாழ்த்தினார். "இஞ்ச ஒருத்தரும் விலை குறைச்சுக் கேக்கிறேல்லை. நீங்கள் கேக்கேக்கையே விளங்கிட்டுது. இப்ப கன பேருக்கு வேலை போயிட்டுதுதானே? அகதியா வந்த புதுசில எங்களுக்கும் ஆரோ குடுத்தவைதான். வெக்கப்படாதேங்கோ."

என் கணவருக்கு எல்லர்ஸ்லி பக்கம் ஒரு ஆபீஸில் பெரிய வேலை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "ரொம்ப நன்றிம்மா" என்றுதான் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

வீட்டில் பையைத் திறந்த கணவர் வாய் பிளந்தார். "இதுக்கெல்லாம் எவ்வளவு குடுத்தே?"

"ஒண்ணும் குடுக்கல. எல்லாம் கொசுறு."

"அடேயப்பா! ஒத்துக்கிறேன், நீ கெட்டிக்காரிதான். அடுத்த வாரம் நானும் வரேன், நீ எப்படிப் பேரம் பேசுறேன்னு பாக்கணும். புதுக் கார்லயே போவோம்."