மாமனின் இடது கால்

கந்தப்பனுடையது டிராக்டர் ஓட்டிப் பழகிய கால். கார் வாங்கிய பிறகும் அந்த இடது கால் கிளட்ச் மிதியை விட்டு இறங்கியதே இல்லை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவன் போல அங்கேயே குடியிருக்கும். தங்கை புருசன் சுரேந்தர் கிளட்சே இல்லாத ஆட்டோமேட்டிக் கார் வாங்கியபோது, "ஏனுங்க மாப்ளை, இனி எடது காலை ஊட்டுலயே வெச்சுட்டு வந்துருவீங்களா?" என்று சபை நடுவே கேட்டுச் சிரித்த மனுசன் அவர்.

அந்தச் சுரேந்தரின் மகள் கனிஷ்காவுக்கு அன்று காந்திபுரம் மண்டபத்தில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். ராகு காலம் பிறப்பதற்குள் கந்தப்பன் போகாவிட்டால், பெரியப்பன் மகன் கண்ணையா அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவான். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் காத்திருப்பான், படுபாவி.

அன்னூரிலிருந்து நன்றாகத்தான் வந்தார்கள். கோவைக்குள் நுழைந்து கணபதி ஸ்டாப் தாண்டியதும் வண்டிகள் ஊர்ந்தன. ஏற்றத்தில் பிரேக்கைத் தொடாமல் பாதிக் கிளட்சிலேயே காரை நிறுத்தி வைப்பது கந்தப்பனுக்கு ஒரு பெருமை.

"ஏனுங்க, என்னமோ கருகற வாசம் வருதுங்க" என்றாள் மனைவி தெய்வாத்தாள், மடியில் சீர்த்தட்டோடு.

"முன்னால போற பஸ்ஸு."

அந்த பஸ் வேறு ரோட்டில் திரும்பிப் போனது. வாசம் போகவில்லை.

"இப்பவும் பஸ்ஸுங்களா?"

"பேசாம வா அம்மணி."

அடுத்த மிதியில் இன்ஜின் உறுமோ உறுமென்று உறுமியது. கார் மட்டும் அசையவில்லை. அடியிலிருந்து புகை வந்தது. பின்னால் நின்ற டவுன் பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி வந்து மோந்து பார்த்தார்.

"கிளட்ச் வெந்துபோச்சுங்ணா. காலை எடுத்து எடுத்து வெக்கோணுமுங்க."

"எடுத்து எங்கீங்க வெக்கறது?"

நாலு பேர் தள்ளி காரை ஓரங்கட்டினார்கள். அதற்குள் தங்கை லோகப்பிரியாவின் போன்.

"அண்ணா, நேரமாகுது. கண்ணையாண்ணன் உக்காரட்டான்னு கேக்கறாங்க."

"எந்திரிக்கச் சொல்லு அவனை!"

"இன்னும் உக்காரவே இல்லீங்ணா."

"அப்ப நிக்கச் சொல்லு!"

கூப்பிடு தூரத்தில் மண்டபம். சீர்த்தட்டு ஐந்து, ஆளோ இரண்டு. நகராத பஸ்ஸில் வெந்து கொண்டிருந்த பெண்கள் மூவர் இறங்கி, "குடுங்க மாமா, சீரு பாதியில நிக்கலாமுங்களா?" என்று ஆளுக்கொரு தட்டைத் தூக்கினார்கள். மேளத்துக்குப் பதில் கண்டக்டர் விசிலடித்து வழி விலக்கினார். லாரிக்கும் ஆட்டோவுக்கும் நடுவே சீர்வரிசை வேகமாகப் போனது. காரில் வந்த வேகத்தை விட இது அதிகம்.

மண்டபத்தில் கண்ணையா வேட்டியை மடித்து உட்காரப் போன நேரம், கந்தப்பன் மூச்சிரைக்க நுழைந்து மணையைப் பிடித்தார். குழந்தையை மடியில் வைத்தார்கள். அப்போதுதான் இடது கால் வேலையைக் காட்டியது. தடதடவென்று ஆடியது.

"மாமா, காலை ஆட்டாதீங்க" என்றார் ஊசியோடு ஆசாரி.

"நானெங்கீங்க ஆட்டறேன்? அதுவா ஆடுது."

குனிந்த சுரேந்தர், "மச்சான் இன்னும் கிளட்ச்சை உடலீங்களாட்ட இருக்குது" என்றான். சபையே சிரித்தது.

மடி குலுங்கக் குலுங்கக் கனிஷ்காவும் கெக்கலித்தாள். ஆசாரியும் தாளம் பார்த்து ஒரு காது, மறு காது என்று குத்திவிட்டார். குழந்தை சிணுங்கக்கூட இல்லை.

கால் ஓய்ந்தது. அப்போதுதான் வீறிட்டாள்.

"மிதீங்க மச்சான், மிதீங்க!" என்று பதறினான் சுரேந்தர்.