ஒரே தாளில் இரண்டு முத்திரை

பெரும்பாக்கத்தில் முனிரத்தினத்தின் வீட்டுக்கு வெளிநாட்டு நோயாளி யாராவது புதிதாக வந்தால், பெட்டியைக் காரிலிருந்து இறக்குவதற்கு முன்பே அவர்களுடைய தாள்களை வாங்கிப் பார்க்கிறார். எந்த அரசாங்கத்தின் முத்திரை, எத்தனை முத்திரை என்று பார்க்கிறார். அதன் பிறகுதான் சாவியைக் கொடுக்கிறார். வந்தவர்கள் இவரைப் போலீஸ்காரர் என்று நினைத்துப் பயந்ததும் உண்டு. இந்தப் பழக்கம் அவருக்கு ஹைதம் என்ற நோயாளிக்குப் பிறகு வந்தது.

முனிரத்தினம் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அவருடைய அப்பா நெல் விளைவித்த நிலத்தில்தான் இன்று அவருடைய மூன்று மாடி வீடு நிற்கிறது. பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு அரபு நாடுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வருகிறவர்கள் அங்கே மாதக்கணக்கில் தங்குகிறார்கள். அவருடைய மனைவி எல்லம்மா அவர்களுக்கு உப்பில்லாமல் சமைத்துக் கொடுக்கிறார்.

வீடு கட்டுவதற்கு முன்பு அவர் தாம்பரம் தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிக்கொண்டிருந்தார். நான் அப்போது பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் இருந்தேன். அவர் எழுதிக் கொண்டுவந்த மனுக்களைப் பார்த்தவுடன் அடையாளம் தெரியும். ஒரு முத்திரை கேட்கும் இடத்தில் மூன்று இருக்கும். கிராம நிர்வாக அலுவலர், தலைமையாசிரியர், நோட்டரி என்று எல்லோரிடமும் வாங்கியிருப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, அதிகமான சீலைப் பார்த்து எந்த ஆபீசரும் கோபித்துக்கொண்டதில்லை என்று சொன்னார். நம் ஊரில் அது முழுக்க உண்மை.

இந்தக் கட்டுரையில் ஒரு நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஹைதமின் அம்மா இன்னும் அங்கே இருக்கிறார். கடலோரத்து அரபு நாடு. இப்போது வடக்கு ஓர் அரசாங்கம், தெற்கு ஓர் அரசாங்கம். இவ்வளவு போதும்.

ஹைதம் வடக்கில் பிறந்து தெற்கில் வேலை பார்த்தவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, முப்பத்து நான்கு வயதில் பெரும்பாக்கத்துக்கு வந்தார். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். மீதி நாட்களில் முனிரத்தினத்துடன் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். கப்பல்காரர்களிடம் கற்ற ஆங்கிலம் அவருடையது. தங்க வந்தவர்களிடம் கற்ற ஆங்கிலம் இவருடையது. இரண்டும் நன்றாகப் பேசிக்கொண்டன.

அவர்கள் நாட்டுச் சண்டை எப்படித் தொடங்கியது என்பதை ஹைதம்தான் சொன்னார். பழைய அதிபர் இறந்ததும் இரண்டு மந்திரிசபைகள் முளைத்தன. இரண்டும் முத்திரை அடித்துக்கொண்டன. ஆனால் எந்த வங்கியும், எந்தக் கப்பல் கம்பெனியும் இரண்டில் எதையும் ஏற்கவில்லை. தன் முத்திரை செல்லும் என்று சொல்ல ஒரு பெரிய ஆள் தேவைப்பட்டார். வடக்கு ரஷ்யாவிடம் போனது. ரஷ்யா சரி என்றது. ரேடியோ பழுது பார்க்க மூன்று பேரையும் அனுப்பியது. அதைப் பார்த்துத் தெற்கு அமெரிக்காவிடம் போனது. அமெரிக்காவும் சரி என்றது. துறைமுகத்தைக் காக்க ஒரு கப்பலையும் நிறுத்தியது. கப்பலைப் பார்த்து வடக்கு ரேடார் கேட்டது. ரேடாரைப் பார்த்துத் தெற்கு விமானம் கேட்டது. ரேடியோக்காரர் மூவரில் ஒருவர் ஒரு குண்டில் செத்தார். அதற்குப் பிறகு வடக்கு கேட்காமலே ரஷ்யா அனுப்ப ஆரம்பித்தது. அமெரிக்காவும் தெற்கைக் கேட்பதை நிறுத்திவிட்டது. ஹைதம் தன் கிரேனால் முதலில் கோதுமை இறக்கினார். பிறகு கோதுமைக்கு நடுவில் ஜெனரேட்டர் என்று எழுதிய பெட்டிகளை இறக்கினார். பிறகு கோதுமை வரவில்லை.

இதைக் கேட்டுவிட்டு முனிரத்தினம் என்னிடம் சொன்னதை நான் அன்றே மனத்தில் குறித்துக்கொண்டேன்.

"எங்க பங்காளி தகராறும் இதேதான் சார். ஒரு கெணத்துக்கு சண்டை. நான் ஒரு கட்சிக்காரனைக் கூட்டினு வந்தேன், அவன் இன்னொரு கட்சிக்காரனைக் கூட்டினு வந்தான். இப்ப அந்தக் கெணறு எனக்கும் இல்ல, அவனுக்கும் இல்ல. அதும் மேல கடை கட்டி வாடகைக்கு விட்டுகினு கீறானுங்க, ரெண்டு கட்சிக்காரனும் கூட்டா."

ஹைதமுக்குச் சிறுநீரகம் கொடுக்க அவருடைய அக்கா அமல் முன்வந்தார். ரத்தப் பிரிவு ஒன்றுதான். மீதிச் சோதனைகளை இங்கே வந்து செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நம் நாட்டுச் சட்டப்படி, வெளிநாட்டவருக்கு வெளிநாட்டவர் உறுப்பு கொடுத்தால், இருவரும் உறவினர்தான் என்று அவர்கள் தூதரகம் எழுதித் தர வேண்டும். அந்தச் சட்டத்தில் தவறில்லை. உறுப்பு வியாபாரத்தைத் தடுக்க அது வேண்டும். டெல்லியில் இருந்த அவர்களுடைய தூதரகம் தெற்கு அரசாங்கத்தின் வசம் இருந்தது.

வடக்கில் பிறந்து தெற்கில் பிழைத்தவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். தெற்குத் தலைநகருக்குப் போய், இரண்டு சாட்சிகளை நிறுத்திச் சத்தியம் செய்தால், தெற்கு அரசாங்கம் தன் சொந்தத் தாளில் புதிதாக ஓர் உறவுச் சான்று தரும். வடக்குத் தாளை வெளியே எடுக்கவே கூடாது. அதைப் பார்க்காத வரை தெற்கின் அதிகாரிகளுக்கும் தொந்தரவில்லை.

இது முனிரத்தினத்துக்கும் அமலுக்கும் தெரியாது. தெரிந்த ஹைதமுக்கு அப்போது காய்ச்சல். அமல் தன் ஊர்ப் பதிவு அலுவலகத்தில் குடும்பப் பதிவின் நகலை வாங்கிக்கொண்டு தெற்கே புறப்பட்டபோது, வாட்ஸ்அப்பில் பேசி யோசனை சொன்னது முனிரத்தினம்தான். அந்த நகலில் வடக்கு முத்திரை இருக்கிறது, நல்லது. போகிற வழியில் தெற்கு அலுவலகத்திலும் அதே தாளில் ஒரு முத்திரை வாங்கிக்கொண்டால் இன்னும் பலம். டெல்லியில் எவனும் கேள்வி கேட்க மாட்டான். தாம்பரத்தில் அவர் வாழ்நாளெல்லாம் செய்து ஜெயித்த வேலை அது.

அமல் அப்படியே செய்தார். தெற்கு அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா அவருடைய சிநேகிதியின் கணவர். அவரும் யோசிக்காமல் வடக்கு முத்திரைக்குப் பக்கத்திலேயே தெற்கு முத்திரையை அடித்துக் கொடுத்துவிட்டார்.

அந்தத் தாளை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். தெளிவான தாள். ஹைதம், அமல், ஒரே தாய், ஒரே தகப்பன். என் பணிக்காலத்தில் அப்படி ஒரு தாள் வந்திருந்தால் நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

டெல்லித் தூதரகம் அதைத் தொடவே பயந்தது. எதிரியின் முத்திரைக்குப் பக்கத்தில் தன் முத்திரை இருந்தால், எதிரியை அரசாங்கம் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். அமெரிக்கா பார்த்தால் என்ன சொல்லும் என்று அங்கே ஒருவர் வாய்விட்டே கேட்டாராம். சான்று கொடுக்கவில்லை. முத்திரை அடித்த குமாஸ்தாவின் வேலை போனது. அமலின் பெயரில் ஒருமுறை சான்று வழங்கப்பட்டுவிட்டது என்று தெற்கில் பதிந்துகொண்டார்கள். வேறு தாள் வேண்டுமானால் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும்.

அமல் அதற்குள் பெரும்பாக்கம் வந்துவிட்டார். நேரில் போக வழியில்லை. அவர் வந்த வாரத்துக்கு மறுவாரம் வடக்கிலிருந்து பறந்துவந்த ரஷ்ய ஏவுகணை தெற்கின் விமான நிலையத்தை உடைத்துவிட்டது.

அப்படியானால் வடக்கு அலுவலகத்திலிருந்து புது நகல் வாங்கலாம், அதை வைத்து வேறு வழி தேடலாம் என்று முனிரத்தினம் ஓடினார். அதுவும் முடியவில்லை. அமலின் ஊர்ப் பதிவு அலுவலகத்தின் மாடியில் ரஷ்ய ரேடார்காரர்களைத் தங்க வைத்திருந்தார்கள். அமெரிக்க விமானம் அதன்மேல் குண்டு போட்டது. மாடியில் இருந்தவர்கள் முந்தின நாளே இடம் மாறிவிட்டார்கள். கீழே இருந்த பதிவேடுகள் எரிந்தன. பத்திரிகையில் ராணுவக் கட்டடம் தகர்ப்பு என்று போட்டார்கள். அது பிழை. அது நகராட்சிக் கட்டடம். அந்த ஊரில் பிறந்தவர்கள் எல்லோருடைய பெயரும் அங்கே இருந்தது. பிழை என்று அந்தப் பத்திரிகைக்கு எழுதினேன். பதில் இல்லை.

தாம்பரம் ரயில் நிலையத்துக்கு மேற்கே நாங்கள் டீ குடிக்கும் கடை ஒன்று இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஜெபசீலனும் அரிசி மண்டி துரைராஜும் அங்கே தினமும் வருவார்கள். ஜெபசீலன் ரஷ்யா பக்கம். துரைராஜ் அமெரிக்கா பக்கம். ஏன் என்று இருவருக்கும் தெரியாது. விமான நிலையம் உடைந்த அன்று ஜெபசீலன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பதிவு அலுவலகம் எரிந்த அன்று துரைராஜ் பாக்கியைத் தீர்த்தார்.

அன்றைக்கு முனிரத்தினம் என்னைப் பார்க்க வந்திருந்தார்.

"இன்னா முனிரத்தினம், உன் வூட்ல ரெண்டு நாட்டு ஆளும் தங்குறாங்களே, யாரு ஜெயிப்பா சொல்லு" என்று துரைராஜ் சிரித்தார்.

"என் வூட்ல ஒரு அக்காவும் தம்பியும் கீறாங்கண்ணா. அவங்க தோத்துகினு கீறாங்க. நீங்க டீ குடிங்க."

துரைராஜ் அதையும் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார். வாங்கிய டீயை முனிரத்தினம் குடிக்காமலே வைத்துவிட்டு எழுந்தார். நானும் அன்றோடு அந்தக் கடைக்குப் போவதை விட்டுவிட்டேன். உலக அரசியல் பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு கட்டடம் எரிவதற்குக் கை தட்டுபவன் உள்ளே என்ன இருந்தது என்று கேட்கக்கூட நேரம் எடுத்துக்கொள்வதில்லை. என் கோபம் அதன்மேல்தான்.

இதற்கு நடுவில் ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனைகளும் முடிந்தன. மரபணுச் சோதனையும் செய்தார்கள். ஒரே தாய் தகப்பன் பிள்ளைகள் என்று சந்தேகமில்லாமல் வந்தது. உறுப்பு மாற்றத்துக்கான அனுமதிக் குழுவினர் அனுதாபமாகத்தான் பேசினார்கள். ஆனால் தூதரகத்தின் கடிதம் இல்லாமல் முடியாது என்றார்கள்.

அமல் அந்த மாதங்களில் எல்லம்மாவின் சமையலறையில் தமிழ் கற்றிருந்தார். பெரும்பாக்கத்துத் தமிழ்தான். குழுவின் அறையிலிருந்து வெளியே வந்து, தாழ்வாரத்தில் முனிரத்தினத்திடம் அந்தத் தமிழில் சொன்னார்.

"என் கிட்னி கீது. என் தம்பி கீது. பேப்பர்தான் இல்ல அண்ணா."

அந்த இரண்டாவது முத்திரை யாருடைய யோசனை என்பதை ஹைதமும் அமலும் ஒருமுறைகூட முனிரத்தினத்திடம் பேசவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று அவர் என்னிடம் சொன்னார். திட்டுவதற்கு உரிமையுள்ளவர்கள் திட்டாமல், படியில் எப்போதும் போல இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

அவர் டெல்லிக்கு இரண்டு முறை போனார். தூதரக வாசலில் நின்றார். தாலுகா அலுவலக வாசலில் நின்று பழகிய மனிதர். நிற்பது அவருக்குப் புதிதில்லை. தவறு தன்னுடையது, அந்தப் பெண்ணுடையது இல்லை, குமாஸ்தாவுடையதும் இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதி எடுத்துப்போயிருந்தார். அந்தக் காகிதத்தில் முதல் முறையாக எந்த முத்திரையும் வாங்கவில்லை. காவலாளிக்கு மேலே அது போகவில்லை.

ஐப்பசி மழையில் பெரும்பாக்கம் தெருக்கள் வழக்கம் போல ஏரியானபோது, டயாலிசிஸுக்காகக் கழுத்தில் செருகியிருந்த குழாய் வழியே ஹைதமுக்குக் கிருமி தொற்றியது. முனிரத்தினம் இடுப்பளவு தண்ணீரில் டிராக்டர் வரவழைத்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஐந்தாம் நாள் மதியம் ஹைதம் இறந்தார். டாக்டர் அதைத் தொற்று என்று எழுதினார். இறப்புப் பதிவில் காரணம் என்ற கட்டத்தில் அதைத்தான் எழுத முடியும். அந்தக் கட்டத்தில் இரண்டு வல்லரசுகளின் பெயரை எழுத இடமில்லை.

வெளிநாட்டவர் உடலை இங்கே அடக்கம் செய்வதற்கும் தூதரகத்தின் ஆட்சேபணையின்மைக் கடிதம் வேண்டும். இதற்கும் பல மாதம் ஆகும் என்று நினைத்து முனிரத்தினம் பிணவறையில் இடத்துக்குச் சொல்லி வைத்தார். கடிதம் மறுநாள் காலையே மின்னஞ்சலில் வந்துவிட்டது. அவர் அதை அச்செடுத்துப் பிணவறை வாசலுக்குக் கொண்டுவந்தார். நானும் அங்கே இருந்தேன். ஆங்கிலத்தில் இருந்ததை அமலுக்குப் படித்துச் சொல்லும்படி என்னிடம் கொடுத்தார்.

தூதரகம் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்திருந்தது. எங்கள் குடிமகன் ஹைதமின் உடலை, அவருடைய உடன்பிறந்த சகோதரி அமலிடம் ஒப்படைப்பதில் ஆட்சேபணை இல்லை என்றது.

அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். உடன்பிறந்த சகோதரி.

முனிரத்தினம் அங்கிருந்தே டெல்லிக்குப் போன் செய்தார். நேற்று வரைக்கும் இல்லாத அக்கா இன்றைக்கு எங்கிருந்து வந்தாள் என்று தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டார். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகவே விளக்கினார். உறுப்பு கொடுப்பதற்கு விசாரணை வேண்டும். புதைப்பதற்கு அவ்வளவு வேண்டியதில்லை, உறவினர் வாய்மொழியாகச் சொன்னால் போதும். முனிரத்தினம் போனை வைத்துவிட்டு ஈரச் சுவரைக் கையால் அறைந்தார். காவலாளி எட்டிப் பார்த்தார்.

அமல் என் கையிலிருந்து கடிதத்தை வாங்கினார். எழுத்துகளை விட்டுவிட்டு, கீழே இருந்த முத்திரையை விரலால் தடவினார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு முனிரத்தினத்திடம் கேட்டார்.

"ஒரு சீல்தானே கீது?"

"ஆமாம்மா. ஒண்ணுதான்."